எழுத இடந்தரும் கருவி: கையடக்க விளையாட்டுப் பொறிகளும் வீட்டாக்க மென்பொருளும்

கருவியொன்றை விலைகொடுத்து வாங்கியவர் அதன் உடைமையாளராகின்றார். ஆயின் அக்கருவி எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று விதிக்கும் உரிமை அவருக்குரியதா, அதனை ஆக்கிய நிறுவனத்துக்குரியதா என்னும் வினா இன்று உழவு இயந்திரம் முதல் கைபேசி வரை எழுந்து நிற்கின்றது. இவ்வினா தெளிவாக வெளிப்பட்ட களங்களுள் ஒன்று, புலமையாளர் பெரிதும் பொருட்படுத்தாத சிறுவர் விளையாட்டுப் பொறியாகும். அப்பொறிகளுக்கென உருவான பிளாஷ் அட்டைகளையும், அவற்றின் வழியே இயங்கிய வீட்டாக்க மென்பொருள்களையும் விளக்கி, தமிழ்மொழி வழங்குவோர்க்கு அவற்றால் பெறப்படும் பாடம் யாதென இக்கட்டுரையில் நோக்குவோம். பிளாஷ் அட்டை என இங்கு நாம் குறிப்பது மாணவர் மனனஞ் செய்யப் பயன்படுத்தும் படிப்பட்டையை அன்று. அழித்து மீள எழுதத்தக்க நினைவகத்தைக் கொண்ட விளையாட்டு அட்டையையே.

1. வாசிக்க மட்டும் அறிந்த பொறி

யப்பானிய நிறுவனமான நின்டென்டோ 1989இல் கேம் போய் என்னும் கையடக்கப் பொறியை வெளியிட்டது. இதற்கான விளையாட்டுகள் காட்றிஜ் எனப்படும் அட்டைகளில் விற்கப்பட்டன. அட்டையிலிருந்த சிப்பில் நிரல் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருந்தது. பொறி அதனை வாசிக்கும். வாங்கியவர் அதில் எதனையும் எழுத இயலாது.

பொறியை இயக்கியதும் நிகழும் முதற்செயல் கவனிக்கத்தக்கது. அட்டையினுள் நிறுவனத்தின் பெயர்ச்சின்னம் ஒரு சிறு படமாகப் பொதியப்பட்டிருத்தல் வேண்டும். பொறி அப்படத்தைத் தன்னிடமுள்ள பிரதியோடு ஒப்பிடும். இரண்டும் வேறுபடின் அவ்விடத்திலேயே நின்றுவிடும். எனவே பிறர் எவரேனும் இப்பொறிக்கு அட்டை செய்ய முனையின், நிறுவனத்தின் வணிகச் சின்னத்தைத் தமது அட்டையிற் பொறித்தே ஆகவேண்டும். வணிகச் சின்னமே பூட்டாக ஆக்கப்பட்டமை இதன் உட்பொருளாகும்.

2004இல் வெளிவந்து உலகெங்கும் ஏறத்தாழ 15.4 கோடி விற்பனையான நின்டென்டோ டிஎஸ் பொறியில் இப்பூட்டு மேலும் இறுகியது. இரு திரைகளும், இரு செயலிகளும், 4 மெகாபைற்று நினைவகமும் கொண்ட அப்பொறி, அட்டையோடு மறைகுறியீட்டு முறையிலேயே உரையாடியது.

2. அட்டையும் ஆக்கமும்

பூட்டைத் திறந்த முறை எளிமையானது. டிஎஸ் பொறியில் முந்திய தலைமுறை அட்டைகளுக்கென இரண்டாவது செருகுவாயொன்று இருந்தது. 2005இல் உருவான இடையிணைப்புக் கருவியொன்று, உண்மையான விளையாட்டு அட்டையைக் கொண்டு பொறியின் சோதனையை முடிக்கச் செய்து, பின்னர் நிரலோட்டத்தை அந்த இரண்டாவது செருகுவாய்க்குத் திருப்பியது. அதன்பின் மூல அட்டையைப் போன்றே பொறியுடன் உரையாடும் அட்டைகள் சந்தைக்கு வந்தன. ஆர்4 என்பது அவற்றுள் மிகப் பரவிய பெயர். நகத்தளவான மைக்ரோ எஸ்டி நினைவகத்தை அவ்வட்டையிற் செருகினால், கணினியில் எழுதிய எந்த நிரலையும் பொறியில் இயக்கலாம்.

இவ்வாறு தனிமனிதரும் சிறு குழுக்களும் நிறுவன அனுமதியின்றி எழுதிய நிரல்களே ஆங்கிலத்தில் ஹோம்புரூ எனப்பட்டன. வீட்டில் வடித்த மது என்பது அச்சொல்லின் முதற்பொருள். 1975 மார்ச்சில் கலிபோர்னியாவில் தொடங்கிய ஹோம்புரூ கணினிக் கழகத்தின் பெயரால் அது கணினியுலகிற் பரவியது. அக்கழகத்தார் தமது நிறுவனத்தின் மென்பொருளை விலையின்றிப் படியெடுத்ததைக் கண்டித்து 1976இல் பில் கேற்ஸ் பகிரங்கக் கடிதமொன்றை வெளியிட்டார். ஆகவே ஆக்கமும் பகிர்வும் ஒருபுறம், உழைப்புக்கான ஊதியம் மறுபுறம் என்னும் முரண்பாடு இத்துறையோடு உடன்பிறந்ததெனலாம்.

டிஎஸ் பொறிக்கு நிரல் எழுத விரும்பியோர்க்கு டெவ்கிற்புரோ என்னும் கருவித்தொகுதி விலையின்றிக் கிடைத்தது. ஒவ்வோர் அட்டையும் நினைவகத்தை வெவ்வேறு முறையில் அணுகியமையால், ஒரே நிரலைப் பலவாறு எழுதவேண்டிய இடர் முதலில் இருந்தது. நிரலினுள் ஒரு வெற்றிடத்தை விட்டுவைத்து, எவ்வட்டையிற் பயன்படுத்தப்படுகிறதோ அதற்குரிய சிறு துண்டை அவ்விடத்திற் பொருத்தும் பொதுமுறையொன்றை ஆர்வலர் வகுத்தனர். நிறுவனங்கள் தரவேண்டிய தரநிலையைப் பயன்படுத்துவோரே ஆக்கிக்கொண்டனர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. இசை கேட்கவும், நாட்குறிப்பு எழுதவும், நூல் வாசிக்கவும், லினக்ஸ் இயக்கவும் நிரல்கள் தோன்றின. தொடுதிரையில் ஓவியம் தீட்டுவதற்கென வீட்டாக்கமாகப் பிறந்த கலர்ஸ் என்னும் நிரல், 2012இல் அதே நிறுவனத்தின் 3டிஎஸ் பொறிக்கு அதிகாரபூர்வ வெளியீடாகவே வந்தது.

3. தமிழும் இருபது கிலோபைற்றும்

முதலில் வெளிவந்த டிஎஸ் பொறியின் மொழித்தெரிவில் யப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், இத்தாலியம் ஆகிய ஆறு இருந்தன. தமிழ் இல்லை. தமிழெழுத்தின் சிக்கலே இதற்குக் காரணமென்று கூறப்படின், அதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

யுனிகோட் முறையில் ‘கெ’ என்பது ககரமும் எகரக் குறியும் என்ற வரிசையிற் சேமிக்கப்படும். திரையிலோ குறி முன்னே நிற்றல் வேண்டும். ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் பிரியும். இடமிருந்து வலமாக எழுத்தை அடுக்க மட்டும் அறிந்த எளிய பொறி இங்கு தடுமாறும். இதற்கு மாற்றுவழி உண்டு. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் ஆகிய 247 எழுத்துகளையும் முழுவடிவப் படங்களாக முன்கூட்டியே வரைந்து, அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம். மிக அகன்ற எழுத்துக்கும் போதுமாறு 32 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் கொள்வோம். புள்ளிக்கு ஒரு பிற்றாக ஓரெழுத்துக்கு 64 பைற்று தேவை. ஐந்து கிரந்த எழுத்துகளின் வரிசைகளையும் ஸ்ரீயையும் சேர்த்தால் மொத்தம் 313 வடிவங்கள். அவற்றுக்கு 20,032 பைற்று வேண்டும். அதாவது 20 கிலோபைற்றுக்கும் குறைவு. டிஎஸ் நினைவகத்தில் இருநூறில் ஒரு பங்கைக்கூட அது நிரப்பாது.

எனவே இல்லாமைக்குக் காரணம் எழுத்திலன்று, சந்தையில் உள்ளது. இலாபம் தராத மொழிக்கு நிறுவனம் இருபது கிலோபைற்றையும் ஒதுக்குவதில்லை. எழுத இடந்தரும் கருவியாயின், திருநெல்வேலியில் பயிலும் மாணவர் ஒருவர் அவ்வட்டவணையைத் தாமே வரைந்து சேர்க்கலாம். பூட்டிய கருவியாயின், அவர் காத்திருத்தலன்றி வேறு வழியில்லை.

காத்திராமை எம்மவர்க்குப் புதிதன்று. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையினால் பற்றறிகள் வராதிருந்த காலத்தில், யாழ்ப்பாண மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். விளக்குக்கென ஆக்கப்பட்ட டைனமோ வானொலிக்கு உதவிற்று. அதன் கம்பியை வேறெதனுடனும் இணைத்தலாகாதென்று தடுக்கும் பூட்டு எதுவும் அதில் இருக்கவில்லை.

4. சட்டத்தின் நோக்கு

பிளாஷ் அட்டைகள் பெரும்பாலும் விலைகொடாது படியெடுத்த விளையாட்டுகளை இயக்கவே பயன்பட்டன என்பதை மறைத்தல் நேர்மையாகாது. பெரும் நிறுவனங்களுக்கு மட்டுமன்றி, சிறு குழுக்களாக உழைத்த நிரலாளர்க்கும் இதனால் இழப்பு நேர்ந்தது. 2009இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஆர்4 வகை அட்டைகளின் விற்பனையைத் தடைசெய்தது. 2010இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றமும், சட்டத்துக்கிசைந்த பயன்பாடு உண்டென்பது விற்பனையாளர்க்குக் காப்பாகாதெனத் தீர்த்தது. ஆயின் 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம், பாதுகாப்புப் பூட்டு அதன் நோக்கத்துக்கு ஏற்ற அளவினதாக இருத்தல் வேண்டும் என்றும், கருவி நடைமுறையில் எதற்குப் பயன்படுகிறதென ஆராய்தல் வேண்டும் என்றும் கூறியது. திருட்டைத் தடுக்கும் பூட்டும் ஆக்கத்தைத் தடுக்கும் பூட்டும் ஒன்றாகவே செய்யப்படும்போது, அவற்றைப் பிரித்தறியும் பொறுப்பு சமூகத்தைச் சார்கின்றது. மேற்குறித்த மூன்று தீர்ப்புகளுள் அப்பொறுப்பை வெளிப்படையாக ஏற்றது இறுதியானதே.

5. படியெடுத்தலும் பாதுகாப்பும்

காலம் இவ்வினாவுக்கு வேறொரு கூர்மையையும் தந்துள்ளது. 2023 மார்ச்சில் 3டிஎஸ் பொறிக்கான மின்கடை மூடப்பட்டது. 2010க்கு முன்னர் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 வீதமானவை சந்தையில் இன்று கிடைப்பதில்லையென வீடியோ கேம் வரலாற்று நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உற்பத்தியாளர் கைவிட்டவற்றைப் பேணுவோர், பூட்டைத் திறந்து படியெடுத்த ஆர்வலரே.

படியெடுத்தலின் அருமையை யாழ்ப்பாணத்தார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சிற் கொணர்ந்தார். ஏடு பெயர்த்தெழுதுவோர் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்திராவிடின் அவர் ஒப்புநோக்க ஏடேதும் எஞ்சியிராது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறு பிரதியில்லாதவை மீளவேயில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணத்திட்டம் அவ்விழப்பின் படிப்பினையை உட்கொண்டு வளர்ந்தது. பல பிரதிகள், பல இடங்கள், பலரது கைகள் என்பதே பாதுகாப்பின் அடிப்படை. ஒரே நிறுவனத்தின் திறவுகோலுக்குள் அடங்கிய ஆக்கமோ, ஒரே கட்டடத்தில் வைத்த ஒரே சுவடிக்கு ஒப்பானது.

முடிவாக நாம் வலியுறுத்துவது இதுவே. பிளாஷ் அட்டையின் காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. அது எழுப்பிய வினா கழியவில்லை. நிறுவனம் இசைந்த செயலிகளை மட்டும் ஏற்கும் கருவிகள் இன்று வகுப்பறைகளுக்குள்ளும் வந்துள்ளன. பாடசாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கருவி வாங்குவோர் அதன் விலையையும் வேகத்தையும் கேட்பதோடு, மாணவர் அதில் தாமே எழுதிய நிரலை இயக்க முடியுமா, தமது மொழியைத் தாமே சேர்க்க முடியுமா என்றும் கேட்டல் வேண்டும். எழுத இடந்தராத கருவியைக் கொண்டு கணினிக் கல்வி புகட்டுதல், ஏடு தந்து எழுத்தாணியை மறுப்பதாகும்.