இரட்டை இழையும் கணினியின் வேகமும்

கொழும்பிலே கணினி வாங்கப் புகும் மாணவர்க்கு விலைச்சீட்டில் இரண்டு எண்கள் காட்டப்பெறுதல் உண்டு: கோர் எனப்படும் கருக்கள் 4, இழைகள் 8. எட்டென்பதைக் கண்டு ஆற்றல் இருமடங்காயிற்றென மகிழ்வோர் பலர். அது பிழையான கணக்கு.

இழையென்பது கணினி வரிசையாக நிறைவேற்றும் அறிவுறுத்தல்களின் தொடர். முறைவழியாக்கியின் ஒவ்வொரு கருவிலும் கூட்டுதற்கும் பெருக்குதற்கும் நினைவகத்திலிருந்து தரவு கொணர்தற்கும் வெவ்வேறு உறுப்புக்கள் உள. ஓரிழை மட்டும் ஓடுங்கால் அவற்றுட் பல வாளாவிருக்கும். செக்கனுக்கு 300 கோடி முறை துடிக்கும் ஒரு கரு, பிரதான நினைவகத்துத் தரவுக்காக 100 நனோசெக்கன் காத்திருப்பின் 300 துடிப்புக்கள் கழிந்துவிடும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண வீட்டு அடுக்களையை எண்ணிப் பார்க்க. உலை கொதிக்குமட்டும் சமையற்காரர் காத்து நிற்கிறார். ஆட்டுக்கல்லும் மற்றையடுப்பும் சும்மா கிடக்கின்றன. இரண்டாமவர் ஒருவரை உள்ளே விட்டால் அவை பயன்படும். அடுப்பு ஒன்றேனும் கூடவில்லை. ஆயினும் பந்திக்குக் கறி விரைவில் வந்துவிடும்.

ஒரே துடிப்பில் பல இழைகளின் அறிவுறுத்தல்களையும் கலந்து உறுப்புக்களுக்கு அனுப்பும் இம்முறையை வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் டீன் டல்சன், சூசன் எகர்ஸ், ஹென்றி லெவி ஆகியோர் 1995 இல் ஆராய்ந்து வெளியிட்டனர். இன்டெல் நிறுவனம் 2002 இல் ஹைப்பர் திரெடிங் என்னும் பெயரால் இதனைப் பென்டியம் 4 இற் புகுத்திற்று. சில்லின் பரப்பு 5 வீதமும் கூடவில்லையென்றும், சில வேலைகளில் வேகம் 30 வீதம் வரை கூடிற்றென்றும் அந்நிறுவனம் கூறிற்று. நூறு வீதமன்று, முப்பது. அதுவும் எல்லா வேலைகளிலுமன்று. 2014 இல் வந்த ஐபிஎம் நிறுவனத்தின் பவர் 8 ஒரு கருவில் எட்டிழைகளை ஏற்றது.

இருவரும் ஒரே ஆட்டுக்கல்லை நாடினால் என்னாகும்? இடைவிடாது பெருக்கற் கணிதமே செய்யும் இரண்டு இழைகள் ஒரு கருவைப் பங்கிடும்போது இலாபம் அற்பமே. பதுக்கு நினைவகமும் பொதுவாதலின், ஒன்றன் தரவை மற்றையது வெளியே தள்ளிவிடுதலுமுண்டு. அப்போது வேகம் முன்னையினுங் குறையும். தரவுக்காக அடிக்கடி காத்திருக்கும் வேலைகளிலேயே, சான்றாகத் தரவுத்தளச் சேவைகளிலேயே, இரட்டை இழை நன்கு பயன்படுகின்றது.

வேறொரு குறையும் உண்டு. அயலவர் பானையில் வேகுவதை மணத்தால் அறிவதுபோல, ஓரிழை மற்றையதன் இரகசியத் திறவுகோலைப் பதுக்கு நினைவகத்தின் காலவேறுபாட்டால் ஊகிக்கலாமென்பதைக் கொலின் பேர்சிவல் 2005 இற் காட்டினார். ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தார் 2018 இல் இவ்வசதியைத் தாமாகவே நிறுத்திவைத்தனர். முன்பு இதனைப் பரப்பிய இன்டெல் நிறுவனமே 2024 இல் மடிக்கணினிகளுக்கென வெளியிட்ட லூனர் லேக் முறைவழியாக்கியில், மின்சிக்கனங் கருதி, கருவுக்கு ஓரிழையே வைத்தது. அச்சில்லின் விலைச்சீட்டில் கருக்கள் 8, இழைகளும் 8.