கொல்லிப்பாவை சிரித்தாளா?

சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போனோம். வாசலூர்பட்டியில் படகுச் சவாரி செய்துவிட்டு மாலையிலேயே மலையிறங்குவதாக ஏற்பாடு. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! இருட்டில் இறங்க ஓட்டுநர் மறுத்துவிட்டார். தோட்டத்தின் நடுவே தனித்திருந்த ஒரு வீட்டில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். மின்சாரமும் போய்விட்டது.

வீட்டுப் பாட்டி சுடச்சுடக் களி கொடுத்துவிட்டு, "ராத்திரி சிரிப்புச் சத்தம் கேட்டா கதவைத் திறக்காதே கண்ணு, பாவை கூப்பிடுவா" என்றார். தம்பி அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டான். நள்ளிரவில் வெளியே 'கிறீச்' என்று ஓர் ஓசை நீண்டு ஒலித்தது. ஜெபமாலையைத் தேடிய முதல் கை என்னுடையதுதான்! டார்ச்சோடு எழுந்த அப்பாவைப் பாட்டி போகவிடவில்லை.

யார் இந்தப் பாவை? ஊர் திரும்பியதும் எங்கள் தமிழாசிரியையிடம் கேட்டேன். முனிவர்களுக்குத் தொல்லை தந்த அசுரர்களைத் தடுக்க, தேவர்கள் ஒரு பெண்ணுருவத்தைச் செய்து இம்மலையில் நிறுத்தினார்களாம். வருபவரைப் பார்த்து அது சிரிக்கும்; மயங்கி அருகே சென்றவர் மாண்டுபோவர். மலையிலுள்ள எட்டுக்கை அம்மனே அந்தப் பாவை என்பாரும் உண்டு.

பிறகு ஆசிரியை நற்றிணையையும் குறுந்தொகையையும் என் கையில் கொடுத்தார். நான் படித்த நான்கு பாடல்களில் பாவை ஒருவரையும் கொல்லவில்லை! தலைவியின் அழகுக்கு உவமையாகவே நிற்கிறாள். வல்வில் ஓரியின் கொல்லிமலைப் பாவையைப் போன்றவள் தலைவி என்று கபிலர் பாடுகிறார் (குறுந்தொகை 100). காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அழகு குன்றாதவள் என்கிறது நற்றிணை 201. இத்தனை அழகான பாவையை எதற்காகக் கொலைகாரி ஆக்கினார்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஆனால் அன்று விடியற்காலையில் நான் கண்டது நினைவுக்கு வந்தது. ஓசைக்குக் காரணம் மூங்கில் புதர்தான். காற்றில் கழிகள் ஒன்றோடொன்று உராய்ந்துகொண்டிருந்தன. அந்தப் புதரை ஒட்டி, மூடுபனிக்குள், செங்குத்தான பள்ளம். மழையில் மண் வழுக்கிக் கிடந்தது. இரவில் அப்பா ஓசை வந்த பக்கம் போயிருந்தால்?

அம்மா நடுங்கியபடி இதைப் பாட்டியிடம் சொன்னார். பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். தம்பி மறுபடியும் முந்தானைக்குள் போய்விட்டான்.