டவருக்குக் கையெழுத்துப் போடும் முன்

கோபுரம் எழும்பி, கம்பி இழுத்து, மின்சாரமும் ஓடத் தொடங்கிய பிறகுதான் பல விவசாயிகள் வக்கீலைத் தேடி வருகிறார்கள். கையில் ஒரு ரசீது நகல் இருக்கும். ‘முழு இழப்பீடும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அதில் அச்சடித்திருக்கும். கீழே அவர் கையெழுத்து. எத்தனை சதுர மீட்டருக்குப் பணம், நிலத்துக்கு என்ன மதிப்பு வைத்தார்கள், வெட்டிய தென்னைக்கு எவ்வளவு என்ற விவரம் ஒன்றுகூட இருக்காது. வரப்பில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் போட்ட கையெழுத்து அது. உயர்மின் தடம் போகிற ஊர்களில் எல்லாம் இதே தவறு நடந்துகொண்டிருக்கிறது.

முதலில், உங்கள் தோட்டத்துக்கு வந்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்கும் பம்புசெட்டுக்கும் இணைப்புத் தருவது மின் பகிர்மானக் கழகம். மாநிலத்துக்குள் உயரழுத்தத் தடம் போடுவது மின் தொடரமைப்புக் கழகம். மாநிலம் விட்டு மாநிலத்துக்கு மொத்தமாக மின்சாரத்தைக் கடத்துவது ஒன்றிய அரசின் பவர்கிரிட் நிறுவனம். 1989இல் உருவான இந்த நிறுவனம்தான் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 800 கிலோவோல்ட் தடத்தை அமைத்தது. இப்போது ஏலத்தில் வேலை எடுக்கும் தனியார் நிறுவனங்களும் இதே வேலையைச் செய்கின்றன. உங்களிடம் பேச வருபவர் பெரும்பாலும் இவர்களில் யாருமில்லை, ஒப்பந்தக்காரரின் ஆள். அவர் வாயால் சொல்லும் தொகைக்கும் வாக்குறுதிக்கும் எந்த மதிப்பும் கிடையாது. தடத்தின் பெயர், எத்தனை கிலோவோல்ட், எந்த நிறுவனம், உங்கள் சர்வே எண்ணில் எந்த எண் கோபுரம் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி அரசு அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு, 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரங்கள் கிடைத்துவிடுகின்றன. புதிய தொலைத்தொடர்புச் சட்டம் 2023இல் வந்து பழைய சட்டத்தை நீக்கியபோதும், மின்தடங்களுக்கு உரிய பகுதியை மட்டும் விட்டுவைத்தது. இந்த அதிகாரம் இருந்தால் நில உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. ‘நான் ஒப்புக்கொள்ளாமல் எப்படிக் குழி தோண்டுவார்கள்’ என்று நம்பி, வந்த நோட்டீசை வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே கெடுதல் செய்துகொள்கிறார்கள்.

ஆனால் அதே தந்திச் சட்டத்தின் 10ஆம் பிரிவு விவசாயிக்கும் பாதுகாப்புத் தருகிறது. நிறுவனத்துக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. நிலம் உங்களுடையது, பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். ஏற்படும் சேதத்துக்கு, அதனால் பாதிக்கப்படும் எல்லோருக்கும் முழு இழப்பீடு தர வேண்டும். ‘எல்லோருக்கும்’ என்பதில் குத்தகைக்குப் பயிர் வைத்திருப்பவரும் அடக்கம்.

எதிர்ப்புச் சொல்ல உகந்த நேரம் குழி தோண்டுவதற்கு முன்பே வந்து போய்விடுகிறது. 164ஆம் பிரிவு அனுமதிக்கு முன், தடம் போகும் ஊர்களின் பெயர்களை நாளிதழில் விளம்பரமாக வெளியிட்டு, கருத்துச் சொல்ல இரண்டு மாத அவகாசம் தருகிறார்கள். பொடி எழுத்தில் வரும் அந்த விளம்பரத்தை யாரும் படிப்பதில்லை. ஊராட்சி அலுவலகத்தின் சுவரில் ஒரு தாளை ஒட்டி, கிராம சபையில் ஒருமுறை வாசித்தால் அரசுக்கு என்ன குறைந்துவிடும்? கிணற்றையோ வீட்டையோ விட்டுத் தடத்தை நகர்த்தக் கேட்பதானால் அப்போதே, அல்லது அளவை நடக்கும்போதே, புலப்பட நகலில் மாற்றுவழியைக் குறித்து மாவட்ட ஆட்சியருக்கும் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதன் பிறகும் நீங்கள் தடுத்தால், தந்திச் சட்டத்தின் 16(1) பிரிவில் அவர்கள் ஆட்சியரிடம் போவார்கள். அவர் மாவட்ட நடுவர் என்ற முறையில் விசாரித்து உத்தரவிடுவார். அந்த விசாரணைக்குக் கட்டாயம் போங்கள். வாயால் பேசிவிட்டு வராதீர்கள். மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஆட்சியரின் உத்தரவு தவறு என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். உத்தரவு வந்த பிறகும் வேலையைத் தடுத்தால் அது குற்றம்.

இனி, பணக் கணக்கு. ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். இழப்பீடு மூன்று வகை. கோபுரத்தின் நான்கு கால்களுக்கு உட்பட்ட இடம் ஒன்று. கம்பிகளுக்குக் கீழே நீளவாக்கில் போகும் வழித்தடம் இன்னொன்று. பயிர், மரம், கிணறு, குழாய், கட்டடச் சேதம் மூன்றாவது. ஒன்றிய மின்துறையின் 2015 வழிகாட்டுதல் முதல் வகைக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், இரண்டாவதற்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் சொன்னது. 2024 ஜூனில் வந்த திருத்தம் அவற்றை 200, 30 என உயர்த்தியது. கால்களுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டரைச் சேர்த்தே அளக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஒன்றிய வழிகாட்டுதலை மாநில அரசு ஏற்றோ மாற்றியோ ஆணையிடலாம். ஆகவே ‘எந்த அரசாணைப்படி கணக்குப் போட்டீர்கள்? எண், தேதி என்ன?’ என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள்.

வழித்தடப் பணத்தைப் பலர் கேட்பதே இல்லை. கோபுரக் கால்கள் நிற்கும் சில சென்ட்டோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார்கள். 400 கிலோவோல்ட் தடத்துக்கு அகலம் 46 மீட்டர். அந்தத் தடம் உங்கள் தோட்டத்தில் 100 மீட்டர் தூரம் போனால் 4,600 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கர் பதினான்கு சென்ட். 765 கிலோவோல்ட் இரட்டைச் சுற்றுக்கு 67 மீட்டர் அகலம். உங்கள் நிலத்தில் கோபுரமே இல்லாமல் கம்பி மட்டும் தாண்டிப் போனாலும் இந்தப் பணத்தைக் கேட்கலாம்.

அளக்க வருவதற்கு முன் காகிதங்கள் தயாராக இருக்க வேண்டும். பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு, அருகில் அண்மையில் நடந்த கிரயப் பத்திரங்களின் நகல். அடங்கலில் உண்மையான பயிர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். மஞ்சள் போட்ட காட்டுக்கு ‘தரிசு’ என்று பதிவு இருந்தால் மஞ்சளுக்கு உரிய பணத்தைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு. இறந்துபோன தாத்தா பெயரிலேயே பட்டா இருந்தால் வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றுங்கள். பங்காளிகளுக்குள் தகராறு என்றால் நிறுவனம் தொகையை மாவட்ட நீதிமன்றத்தில் கட்டிவிடலாம், பிறகு அதை எடுக்க நீங்கள்தான் அலைய வேண்டும். மரங்களை வெட்டும் முன் எண்ணி, வகையும் வயதும் எழுதி, தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வெட்டிய பிறகு எண்ணிக்கையை நிரூபிக்க முடியாது. மஹஜரில் எண்ணிக்கை குறைந்திருந்தால் அங்கேயே அதன் கீழ் உங்கள் கணக்கை எழுதுங்கள்.

கையெழுத்தைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘முழுத் தொகை’ என்ற வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, ‘ஆட்சேபணையுடன், கூடுதல் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பணத்தைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள்.

கொடுத்த தொகை போதாது என்றால் போகவேண்டிய இடம் ஆட்சியர் அலுவலகம் அல்ல. 16(3) பிரிவின்படி நிலம் இருக்கும் மாவட்டத்தின் மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்ய வேண்டும். மனுநீதி நாளில் வருடக்கணக்காக மனுக் கொடுத்துவிட்டு, இந்த ஒரு வாசலை மட்டும் தட்டாமல் விட்டவர்கள் ஏராளம். அவர்களிடம் ‘நீதிமன்றம் போங்கள்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுக்காத அதிகாரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. நிலம் எங்கே இருக்கிறது, கம்பி ஓரமாகப் போகிறதா நடுவில் பிளந்து போகிறதா, எவ்வளவு தூரம் போகிறது என்பதையெல்லாம் பார்த்தே தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று கேரள மின்வாரியத்துக்கு எதிரான லிவிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தென்னந்தோப்பில் கம்பிக்குக் கீழே இனித் தென்னையே வைக்க முடியாது என்ற நிரந்தர இழப்பையும் மனுவில் சேருங்கள்.

பணம் வாங்கிய பிறகும் எச்சரிக்கை வேண்டும். கம்பிக்குக் கீழே வீடு, கொட்டகை கட்டாதீர்கள். கரும்புச் சோகைக்குத் தீ வைக்காதீர்கள், புகையின் வழியாகவே மின்சாரம் தரைக்குப் பாயும். போர்வெல் வண்டியை நிறுத்தாதீர்கள், அலுமினியக் குழாயையோ தேங்காய் பறிக்கும் நீளத் துரட்டியையோ நிமிர்த்திப் பிடிக்காதீர்கள். இந்த அழுத்தத்தில் கம்பியைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே உயிர் போகும்.

மாவட்ட நீதிபதியிடம் போடும் மனுவுக்கு மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு என்று 1976லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் நிலத்தில் மரம் வெட்டியதும் பணம் கொடுத்ததும் எந்தத் தேதியில் என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மூன்று வருடம் நெருங்கியிருந்தால் இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.