லேப்டாப் பிராசஸரைக் கழட்டி டெஸ்க்டாப்பில் மாட்டலாமா? விடை கடைசி எழுத்தில் இருக்கிறது!

ஸ்கிரீன் போய்விட்டது. மூடித் திறக்கும் கீல் உடைந்துவிட்டது. பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஆனால், உள்ளே இருக்கும் ‘ஐ7’ பிராசஸர் மட்டும் இன்னும் ஜோராக ஓடுகிறது. அதைக் கழட்டி ஒரு டெஸ்க்டாப் பில்டில் போட்டுவிட்டால் பிராசஸர் செலவு மிச்சம்தானே?

சுருக்கமான பதில்: பிராசஸரை மட்டும் என்றால் அநேகமாக முடியாது. மதர்போர்டோடு சேர்த்து என்றால் தாராளமாக முடியும். ஏன் இந்த வித்தியாசம்?

ஊசியா, ஈயக்குண்டா?

லேப்டாப் பிராசஸர்கள் இரண்டு வகை. ஒன்று ‘பின் கிரிட் அரே’. சிப்பின் அடியில் ஊசி ஊசியாக கால்கள் இருக்கும். சாக்கெட்டில் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். இன்னொன்று ‘பால் கிரிட் அரே’. ஊசிகளுக்குப் பதில் குட்டிக் குட்டி ஈயக்குண்டுகள். மதர்போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். இதை எடுக்க சிப் லெவல் சர்வீஸ் மெஷின் வேண்டும். வீட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு முயல்வது வேலைக்கு ஆகாது.

இன்டெல்லில் இதை மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். 2013-ல் வந்த நான்காம் தலைமுறையில் ‘ஐ7-4700எம்க்யூ’, ‘ஐ7-4700எச்க்யூ’ என்று இரண்டு சிப்கள் உண்டு. இரண்டுக்கும் நான்கு கோர், 2.4 கிகாஹெர்ட்ஸ், 47 வாட். ஆனால், முதலாவது கழட்டக்கூடியது, இரண்டாவது ஒட்டியது. ‘யு’ என்று முடிந்தால் யோசிக்கவே வேண்டாம், ஒட்டியதுதான். வெறும் ‘எம்’ என்று முடிந்தால் கொஞ்சம் குழப்பம். பழைய தலைமுறைகளில் ஒரே மாடல் இரண்டு வகையிலும் வந்திருக்கிறது. ‘சிபியு-இசட்’ என்ற இலவச ஆப்பை ஓடவிட்டு, ‘பேக்கேஜ்’ என்ற வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்டெல்லில் கழட்டக்கூடிய லேப்டாப் சிப்கள் நான்காம் தலைமுறையோடு முடிந்துவிட்டன. ஐந்தாம் தலைமுறையிலிருந்து எல்லாமே சால்டர்தான்.

கழட்ட முடிந்தால் போதுமா?

போதாது. மூன்றாம் தலைமுறை லேப்டாப் சிப்பில் இருப்பது 988 ஊசிகள். அதே தலைமுறை டெஸ்க்டாப் சாக்கெட்டில் 1155 தொடுமுனைகள். அதோடு, டெஸ்க்டாப்பில் ஊசிகள் இருப்பது சிப்பில் அல்ல, போர்டில். ஆக, இரண்டும் செட் ஆகவே ஆகாது. லேப்டாப் சாக்கெட்டோடு சிறிய ‘மினி-ஐடிஎக்ஸ்’ போர்டுகள் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்காக வந்தன. அவை கிடைத்தாலும் பயாஸ் அந்த சிப்பை ஏற்க வேண்டும். ரேமும் பெரும்பாலும் லேப்டாப் ரேமாகவே இருக்க வேண்டும்.

அடுத்த தலைவலி கூலர். டெஸ்க்டாப் சிப்பின் மேல் ஓர் உலோக மூடி இருக்கும். லேப்டாப் சிப்பில் அது கிடையாது. சிலிக்கான் அப்படியே வெளியில் தெரியும். கூலரைக் கோணலாக அழுத்தினால் ஓரம் சில்லு பெயர்ந்துவிடும். அதோடு சிப்பின் கதை முடிந்தது.

ஒரு காலத்தில் இது ‘கெத்து’!

இதெல்லாம் கிறுக்குத்தனமான யோசனை என்று நினைத்துவிட வேண்டாம். 2004 வாக்கில் கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் தேடித் தேடி வாங்கியது லேப்டாப் சிப்பைத்தான். ஏஎம்டியின் ‘அத்லான் எக்ஸ்பி-எம்’ டெஸ்க்டாப் போர்டின் சாக்கெட்டிலேயே நேராக உட்கார்ந்தது. குறைந்த மின்சாரம், திறந்த மல்டிபிளையர். ஓவர்கிளாக் பிரியர்களுக்கு விருந்து.

இன்டெல் பக்கம் இன்னும் சுவாரஸ்யம். டெஸ்க்டாப்புக்கான பென்டியம் 4, 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டபோது 115 வாட் கேட்டது. இஸ்ரேலின் ஹைஃபாவில் உள்ள இன்டெல் குழு லேப்டாப்புக்காக வடிவமைத்த பென்டியம் எம், 2 கிகாஹெர்ட்ஸில் 21 வாட்டோடு பல வேலைகளில் அதற்கு ஈடுகொடுத்தது. 2005-ல் ஆசஸ் நிறுவனம் ‘சிடி-479’ என்ற அடாப்டரையே விற்றது. பென்டியம் எம் சிப்பை அதில் வைத்து, குறிப்பிட்ட சில ஆசஸ் பென்டியம் 4 போர்டுகளில் மாட்டிக்கொள்ளலாம். 2006-ல் டெஸ்க்டாப்புக்கு வந்த ‘கோர் 2 டுவோ’ அந்த லேப்டாப் வம்சத்தில் வந்ததுதான்.

இன்றும் அந்த ஆசை சாகவில்லை. 16 கோர் கொண்ட ‘ரைசன் 9 7945எச்எக்ஸ்’ லேப்டாப் சிப்பை சால்டர் செய்தே ‘மினிஸ்ஃபோரம்’ நிறுவனம் டெஸ்க்டாப் போர்டாக விற்கிறது. ஆன்லைனில் இதுபோன்ற வேறு சீன போர்டுகளும் கிடைக்கின்றன. சிலவற்றில் இருப்பது சோதனைக்காகத் தயாரிக்கப்பட்ட ‘இன்ஜினியரிங் சாம்பிள்’ சிப்கள். விலை குறைவு என்று பாய்வதற்கு முன், வாரன்ட்டியும் பயாஸ் அப்டேட்டும் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

சிப்பைத் தொடாதீர்கள், மதர்போர்டை முழுசாக எடுங்கள். கூலிங் ஃபேன், ஹீட் பைப், சார்ஜர் எல்லாம் ஏற்கெனவே அதற்கென்றே அளவெடுத்துச் செய்தவை. எச்டிஎம்ஐ வழியாக மானிட்டர், யுஎஸ்பியில் கீபோர்டு, மவுஸ். டெஸ்க்டாப் ரெடி. கழட்டும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

• பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ நெம்பவோ கூடாது. சர்வீஸ் சென்டரில் கொடுத்து எடுங்கள்.
• சில மாடல்கள் பேட்டரி இல்லாவிட்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.
• வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் ஸ்கிரீனைச் சுற்றித்தான் ஓடும். ஸ்கிரீனோடு சேர்த்துத் தூக்கிப் போட்டால் சிக்னல் போய்விடும்.
• பவர் பட்டன் தனி கேபிளில் இருக்கலாம். அதையும் எடுத்து வையுங்கள்.

செலவு செய்யும் முன்...

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதாவது, கழட்டக்கூடிய சிப் எதுவுமே அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. லினக்ஸ் மின்ட் போட்டால் பிரவுசிங், சினிமா, கோடிங் கற்பது, வீட்டு ஃபைல் சர்வர் போன்ற வேலைகளுக்குத் தாராளம். 

பழைய சிப்புக்காகத் தனியாக போர்டு தேடிக் காசு செலவழிப்பது வேறு கணக்கு. 2023-ல் வந்த இன்டெல் ‘என்100’ சிப்பும் நான்கு கோர்தான். ஆனால் அதன் கணக்கு 47 வாட் அல்ல, 6 வாட். விண்டோஸ் 11-ம் ஓடும். அன்றாட வேலைக்கு அந்த மினி பிசியே லாபம்.

எதற்கும் உதவாத போர்டு என்றால் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். 2022-ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். பதிவு பெற்ற மறுசுழற்சி மையத்தில் கொடுங்கள். அதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிக்கொள்ள மறக்காதீர்கள். அதில் இருப்பது உங்கள் போட்டோக்களும் பாஸ்வேர்டுகளும்!