தலைக்கு எண்ணெய்: எதற்கு உதவும், எதற்கு உதவாது



"டிரசர் ஐயா, முடி கொட்டுது, என்ன எண்ணெய் வைக்கலாம்?" புக்கிட் தெங்கா பக்கம் நான் ஓயாமல் கேட்கும் கேள்வி இது.

வீட்டுத் தேங்காயெண்ணெயே போதும். 2003இல் இந்திய ஆராய்ச்சியாளர்கள் தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியின் புரதம் கரைந்து போகாமல் காத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அது முடிக்குள்ளேயே இறங்கும். ஆகவே தலை முழுகுமுன் தடவுங்கள். முடி முறிவது குறையும். புது முடி முளைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். நீண்ட கூந்தல் படம் போட்ட பாட்டிலுக்கு சம்பளக் காசைக் கொட்டவும் வேண்டாம்.

தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. பிள்ளை பெற்ற சில மாதத்தில் கொத்தாகக் கொட்டுவதும் தானே நிற்கும். ஆனால் முடி கொட்டுவதோடு களைப்பும் மூச்சு வாங்கலும் இருந்தால் இரத்தத்தைச் சோதியுங்கள். இரும்புச்சத்துக் குறைவை எந்த எண்ணெயும் தீர்க்காது.

பொடுகுத் தலையில் எண்ணெயை ஊறப்போடாதீர்கள். பொடுகுப் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு!

பேனுக்கு மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அடுப்பங்கரையில் தீப்பொறி பட்டால் என்ன ஆகும்? தேங்காயெண்ணெய் தடவி, பேன் சீப்பால் இரண்டு வாரம் விடாமல் வாருங்கள்.

பிள்ளை தலையில் வட்டமாக முடி போய், செதில் விட்டிருக்கிறதா? அது படர்தாமரை. பூஞ்சை முடி வேருக்குள் இருப்பதால் எண்ணெயோ களிம்போ மட்டும் தீர்க்காது. டாக்டர் தரும் மாத்திரையை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். எண்ணெய் தடவியே நாள் கடத்தினால் சீழ் பிடித்து, தழும்பான இடத்தில் முடி பிறகு முளைக்கவே முளைக்காது. அந்தப் பிள்ளையின் சீப்பையும் துண்டையும் மற்றவர்கள் தொட வேண்டாம்.