இரண்டு சி.எஸ்.ஆர்.!

வடபழனி பஸ் டெப்போ பக்கம் ஒரு டீக்கடை. காலை ஏழு மணிக்குப் போனால் அங்கே ஒரு ரிட்டயர்டு ஏட்டய்யாவைப் பார்க்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். "பேரைப் போட்டுடாதே தம்பி, பென்ஷன் வாங்கறவன்" என்று கண்டிஷன் போட்டிருப்பதால் இங்கே வெறும் ஏட்டய்யா.

போன வாரம் அவரிடம், "சிகாகோவுல போலீஸ் பெரிய அதிகாரிங்களுக்கு மேனேஜ்மென்ட் பாடம் நடத்தறாங்களாம். செலவு ஒரு கோடீஸ்வரரோடது" என்றேன்.

டீயை ஆற்றியபடியே கேட்டார்: "சாப்பாடு யாரு போடறது? அவரேவா?"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கிற ஊராயிற்றே!

முதலில் சிகாகோ சமாச்சாரம். சிட்டடெல் என்ற முதலீட்டு நிறுவனத்தை ஆரம்பித்தவர் கென் கிரிஃபின். 2022ல் இவர் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு இரண்டரைக் கோடி டாலர் கொடுத்தார். அதில் பிறந்த பயிற்சிகளில் ஒன்று, குற்றம் மலிந்த பேட்டைகளைக் கவனிக்கும் போலீஸ் அதிகாரிகளுக்கானது. 2023ல் முதல் பேட்ச். புள்ளிவிவரத்தைப் படிப்பது, ஆட்களை வேலை வாங்குவது, ஜனங்களின் நம்பிக்கையைச் சம்பாதிப்பது இதெல்லாம் பாடம்.

நம் நாட்டிலும் இல்லாமல் இல்லை. ஐ.பி.எஸ். அதிகாரிகளை சர்வீஸுக்கு நடுவே மறுபடி வகுப்பில் உட்கார வைக்கும் திட்டம் 2010ல் தொடங்கியது. இடம், ஹைதராபாத் தேசிய போலீஸ் அகாடமி. ஆரம்ப வருஷங்களில் கேம்ப்ரிட்ஜ் பேராசிரியர்களும் பாடம் எடுத்தார்கள். அது சர்க்கார் பணம். கம்பெனிப் பணமும் வந்தாயிற்று. பெங்களூரில் கர்நாடக சி.ஐ.டி. போலீஸுக்காக 2019ல் ஒரு சைபர் குற்றப் பயிற்சி மையம் திறந்தார்கள். இன்ஃபோசிஸ் ஃபவுண்டேஷன் 22 கோடி ரூபாய் தருவதாக ஒப்பந்தம்.

நான் பி.காம். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். 2013ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் 3 வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். கணக்குப் புத்தகத்தில் இதற்குப் பெயர் சி.எஸ்.ஆர்.

தமிழ்நாட்டு போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு சி.எஸ்.ஆர். உண்டு. புகார் கொடுத்தால், மனுவைப் பதிவேட்டில் ஏற்றி ஒரு ரசீது தருவார்களே, அது! எஃப்.ஐ.ஆர். கல்யாணம் என்றால் சி.எஸ்.ஆர். வெறும் நிச்சயதார்த்தம். கல்யாணம் நடந்தாலும் நடக்கலாம்.

வடபழனிக்குக் குடி வருவதற்கு முன், வேறு ஊரில் இருந்தபோது என் ஸ்கூட்டர் திருடு போனது. ஸ்டேஷனுக்குப் போனேன். "வெள்ளைப் பேப்பர் வாங்கிட்டு வாங்க சார்." வாங்கி வந்தேன், எழுதினேன், சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. இன்ஷூரன்ஸ்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எஃப்.ஐ.ஆர். எங்கே?" என்றார். மூன்று மாதம் நடந்தேன். ஸ்கூட்டர் இல்லாததால் நிஜமாகவே நடந்தேன்.

இத்தனைக்கும், போலீஸே நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2013லேயே சொல்லியாயிற்று. அப்புறம் ஏன் போடவில்லை?

ஏட்டய்யா விளக்கினார்: "எஃப்.ஐ.ஆர். போட்டா கணக்குல ஒண்ணு ஏறும். மாசக் கடைசி மீட்டிங்ல 'ஏன்யா உன் லிமிட்ல இவ்ளோ திருட்டு?'ன்னு கேப்பாங்க. போடலேன்னா திருட்டே நடக்கல!"

கம்பெனிப் பாடத்தில் எனக்குள்ள பயம் இங்கேதான். விற்பனை மேனேஜருக்கு டார்கெட் கொடுத்தால் சரக்கு விற்கும். ஸ்டேஷனுக்குக் 'குற்றத்தைக் குறை' என்று டார்கெட் கொடுத்தால் குற்றம் குறையலாம். இல்லாவிட்டால் பேப்பர் மட்டும் குறையலாம். நியூயார்க்கில் 1994ல் கம்ப்ஸ்டாட் என்று நம்பரை வைத்து அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் முறை வந்தது. நகரத்தில் குற்றம் குறைந்தது நிஜம். ஆனால் நம்பரை அழகுபடுத்த அழுத்தம் இருந்ததாக ரிட்டயர்டு அதிகாரிகள் பலர் சொன்ன ஆய்வும் 2010ல் வந்தது.

அடுத்தது, ஏட்டய்யா கேட்ட சாப்பாட்டுக் கேள்வி. அமெரிக்காவில் போலீஸ் தலைவர்களின் அமைப்பு ஒன்று நடத்திய கருத்தரங்குகளுக்கு மோட்டோரோலா அறக்கட்டளை பணம் கொடுத்திருக்கிறது. போலீஸுக்கு வாக்கி டாக்கி விற்பதும் மோட்டோரோலாதான். தப்பு நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு அந்தக் கம்பெனி மேலேயே ஒருவர் புகார் எழுதிக்கொண்டு வந்தால், அவர் மனசில் ஒரு சந்தேகம் வராதா? ரோட்டில் வைக்கிற பேரிகேடில் 'போலீஸ்' என்பதைவிட நகைக்கடைப் பெயர் பெரிதாக இருந்தாலே நமக்கு உறுத்துகிறதே!

அதனால் பயிற்சியே வேண்டாம் என்பதில்லை. கம்பெனி பணத்தைப் பொது நிதியில் போடட்டும். பாடம் எது, மாணவர் யார், வாத்தியார் யார் என்பதை அரசாங்கம் முடிவு செய்யட்டும். பரீட்சையில் ஒரே கேள்வி போதும்: புகாரோடு வந்தவர் எஃப்.ஐ.ஆரோடு திரும்பினாரா?

"நீங்க பார்த்ததுல நல்ல மேனேஜர் யாரு ஏட்டய்யா?" என்று கேட்டேன்.

"ஒரு இன்ஸ்பெக்டர் வந்தாரு. வந்தவுடனே மனு குடுக்க வர்றவங்களுக்கு ரெண்டு பெஞ்ச் போட்டாரு. டேபிள் மேல ஒரு கட்டு வெள்ளைப் பேப்பர், சொந்தக் காசுல. வந்த புகாருக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். கணக்கு ஏறிச்சு. மீட்டிங்ல திட்டு வாங்கினாரு. ஆறாம் மாசம் டிரான்ஸ்பர்."

ஸ்டேஷன் பொறுப்பில் இருப்பவருக்குக் குறைந்தது 2 வருஷம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது 2006ல். எந்த மேனேஜ்மென்ட் வகுப்புக்கும் முன்னால் கொடுக்க வேண்டிய வசதி அது. அதற்கு ஸ்பான்ஸர் தேவையில்லை.

டீக்குக் காசு எடுத்தேன். ஏட்டய்யா என் கையைப் பிடித்துவிட்டார்.

"வேணாம் தம்பி. அப்புறம் நீ எழுதறதை நல்லாருக்குன்னு சொல்ல வேண்டியிருக்கும்!"