சான்றிதழில் ஒரு மதம், சபையில் ஒரு மதம்

கிறித்தவ விசுவாசத்தின் முதற்கடமை, நம்புவதை ஊரறிய அறிக்கையிடுவது. மதுரைச் சமவெளியின் தலித் கிறித்தவருக்கு அந்தக் கடமையைச் செய்வதற்கு ஒரு விலை உண்டு. சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர், பள்ளிப் பதிவேட்டில் 'இந்து' என்ற சொல்லோடு வேறொரு பெயர் என இரண்டோடு வாழும் குடும்பங்களை மேலூரிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் இப்பகுதிச் செயற்பாட்டாளர்கள் அறிவார்கள். இதைப் பொய் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பொய்யை எழுத வைத்தது யார் என்பதைத்தான் நாம் இங்கே பார்க்கப் போகிறோம்.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தை அறிக்கையிடும் எவரும் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் இந்தத் தடையிலிருந்து விலக்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் இசுலாமியர்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். ஆகஸ்ட் 10ஐத் தலித் கிறித்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான்.

இந்தப் பத்தியில் உள்ள ஒரு வினைச்சொல்லைச் சட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டும். மதத்தை 'அறிக்கையிடுதல்' என்ற அதே சொல் அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் உறுப்பில் அடிப்படை உரிமையாக இருக்கிறது. நாக்பூர் வட்டாரத்துத் தனித்தொகுதி ஒன்றில் வென்றவர் பௌத்தராகிவிட்டாரா என்ற வழக்கில், 1964இல் உச்ச நீதிமன்றம் அச்சொல்லுக்குப் பொருள் சொன்னது: ஒருவர் தம் நம்பிக்கையை மற்றவர் அறியும்படி வெளிப்படுத்துவதே அறிக்கையிடுதல். அப்படியானால் மனத்துக்குள் கிறித்துவை நம்புகிறவரைச் சட்டம் தண்டிப்பதில்லை. வாய் திறந்து சொல்கிறவரைத்தான் தண்டிக்கிறது. 25ஆம் உறுப்பு எதை உரிமை என்கிறதோ, அதைச் செய்தவுடன் மூன்றாம் பத்தி கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொள்கிறது.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஆதிதிராவிடக் கிறித்தவர் ஒருவர் இதை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனார். பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, அவர் கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. 1985 செப்டம்பர் 30 அன்று வந்த 'சூசை எதிர் இந்திய ஒன்றியம்' தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. அதனால் விளையும் இழிவும் இன்னலும் புதிய மதச் சூழலிலும் அதே கடுமையோடு நீடிக்கின்றன என்று ஆதாரங்களோடு காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். தெருவோரத் தொழிலாளி ஒருவர் சமூகவியல் ஆய்வேடு தயாரித்துக்கொண்டு வந்திருக்க வேண்டுமாம்!

இதற்கு முன்பே வேறொரு வழக்கில் இதே நீதிமன்றம், மதம் மாறியவரின் சாதி அழிவதில்லை, கிரகணம் பிடித்ததுபோல் மறைந்திருந்து தாய்மதம் திரும்பியதும் வெளிப்படுகிறது என்று கூறியிருந்தது. 2015இல் கே.பி. மனு வழக்கிலும் கிறித்தவப் பெற்றோருக்குப் பிறந்தவரின் சாதி மீள்வதை ஏற்றது. சபையை விட்டு வெளியே வந்தால் விழித்துக்கொள்ளும் சாதி, சபைக்குள் இருக்கும்போது மட்டும் உறங்குகிறது என்பதே இதன் உட்பொருள். ஊர்க் கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் அது ஒருநாளும் உறங்கியதில்லை.

அண்மைக்காலத் தீர்ப்புகள் இரண்டை அருகருகே வைத்துப் படிப்பது நல்லது. மதுரைக்குத் தெற்கே இராமநாதபுரத்தில், பட்டியல் சாதியைச் சேர்ந்த இந்துப் பெண் மருத்துவர் ஒருவர் கிறித்தவரை மணந்திருந்தார். அவருடைய மருத்துவமனையில் சிலுவை தொங்கியதைப் பார்த்த அதிகாரிகளின் அறிக்கையின் பேரில் அவரது சாதிச் சான்றிதழ் ரத்தானது. கணவரோடு தேவாலயம் செல்வதாலேயே ஒருவர் தம் மதத்தைக் கைவிட்டதாகாது என்று கூறி, 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலயம் சென்றுவந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் தம்மை இந்து என்று சொல்லிச் சான்றிதழ் கேட்பது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. முதல் வழக்கில் அவர் இந்துவாகவே இருந்தார், இரண்டாவதில் கிறித்தவத்தைக் கடைப்பிடித்தார் என்று வேறுபாடு சொல்லலாம். ஆனால் இரண்டிலும் அரசு ஒருவரின் சுவரையும் ஞாயிற்றுக்கிழமையையும் துருவிப் பார்க்கிறது. இரட்டை வாழ்வைச் சட்டமே கட்டாயமாக்கிவிட்டு, அதற்கு மோசடி என்று பெயரிடுவதை நாம் ஏற்க முடியாது.

அரசின் மீது மட்டும் குற்றம் சுமத்திவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி 'தத்துவ போதகர்' என்று பெயர் பூண்டார். காவியுடுத்தி, ஏற்கெனவே இங்கிருந்த பரதவர் சபையிலிருந்து விலகி நின்று, உயர்சாதியினருக்குப் போதித்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ள 1623இல் திருத்தந்தையின் அனுமதியும் கிடைத்தது. பின்னர் மதுரை மறைப்பணியில் உயர்சாதியினருக்கு ஒருவகைத் துறவியரும் மற்றவர்களுக்குப் பண்டார சுவாமிகளும் என்று பணியாளர்களே பிரிக்கப்பட்டார்கள். அவருடைய தமிழ்ப்பணியைப் பாராட்டும் நூல்கள் பல உண்டு. அந்தப் பிரிவினையின் கணக்கைச் சபைகள் இன்னும் தீர்க்கவில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தானே ஒப்புக்கொண்டது.

இதற்கு எதிர்வழியும் மதுரையிலேயே இருந்தது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்த அமெரிக்க மிஷன், 1847இல் சாதியைத் துறக்காதவர்க்குச் சபையில் இடமில்லை என்று முடிவெடுத்தது. ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது அதற்கான சோதனையாயிற்று. உபதேசியார் பலர் உண்ண மறுத்து வெளியேறினார்கள். விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொன்னவர்களால் பக்கத்து இலையைத் தாங்க முடியவில்லை. அந்நியர் திணித்த சோதனை என்று அதைக் குறை கூறுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் 1969இல் அரசரடியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு அதே இடத்துக்குத் தலித் மக்களின் வழியாக வந்து சேர்ந்தார். 'பறட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்ட அவர், ஒரே உலையில் சமைத்து உண்ணும் குடும்பமாக இறையாட்சியைக் கண்டார். கர்நாடக இசையைவிட நாட்டுப்புற இசையே எளிய மக்களின் வழிபாட்டுக்கு உரியது என்று வாதிட்டார். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். விசுவாசம் உண்மையா என்பதை அறியச் சோற்றுப்பானையைப் பார்த்தால் போதும் என்ற அவருடைய பார்வை, மேற்சொன்ன தீர்ப்புகள் எல்லாவற்றையும்விடச் சாதியை நன்கு புரிந்துகொண்டது என்பது எங்கள் கருத்து.

நடைமுறையில் இன்றைய நிலை இது: தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து மதம் மாறிய கிறித்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். தனித்தொகுதியில் போட்டியிட முடியாது; பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் வேலையும் இல்லை. அடிபட்டுக் காவல் நிலையம் சென்றால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வராது. போதகர் ஒருவர் அளித்த புகாரில் ஆந்திர உயர் நீதிமன்றம் 2025இல் இதையே உறுதி செய்தது. அடித்தவர் அவரை எந்தச் சாதியாகப் பார்த்து அடித்தார் என்பது அங்கே கணக்கில் இல்லை.

இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில், மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் இயற்றியது. மூன்றாம் பத்தியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் 2004இல் தாக்கலான மனு இருபது ஆண்டுகள் கடந்தும் தீராத நிலையில், ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையத்தை அமைத்து, அதன் காலத்தையும் நீட்டித்தது. சூசையின் தீர்ப்பு கேட்ட ஆதாரம் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரிலும் திருவிழாச் சப்பரம் நுழையாத தெருக்களிலும் இருக்கிறது. மதுரைக் கல்லூரிகளின் சட்ட, சமூகவியல் மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று அவற்றை நாள், இடம், சாட்சியத்தோடு பதிவுசெய்யத் தொடங்கினால், அடுத்த முறை வழக்கு அழைக்கப்படும்போது எங்கள் கைகள் வெறுமையாக இருக்காது.